ஒப்பந்தம் முடியும் முன்பே கொரிய ஹாக்வொனை விட்டு விலகலாமா?

கேள்வி: நான் கனடா குடியுரிமை உள்ள தமிழ்ப் பெண். தென் கொரியாவின் சுவோன் நகரத்தில் ஒரு ஹாக்வொனில், அதாவது தனியார் பயிற்சி நிலையத்தில், இ-2 விசாவில் மழலைப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ஓராண்டு ஒப்பந்தத்தில் ஏழு மாதம் முடிந்துவிட்டது. சம்பளம் 23 லட்சம் வொன். மாதம் 10ஆம் தேதி வரவேண்டும். கடந்த இரண்டு மாதமும் பத்துப் பன்னிரண்டு நாள் தள்ளித்தான் வந்தது. காலை 9.30 முதல் மாலை 6.30 வரை வேலை. நடுவில் ஒரு மணிநேர இடைவேளை என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து அவர்களைச் சாப்பிட வைப்பதும் என் வேலைதான். விலகப்போகிறேன் என்று ஜாடையாகச் சொன்னதற்கே இயக்குநர் கொதித்துவிட்டார். வந்த விமானச் செலவு, ஏஜென்ட் கமிஷன், அபராதமாக ஒரு மாதச் சம்பளம் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்வாராம். ரிலீஸ் லெட்டர், அதாவது வேறு நிலையத்துக்கு மாறச் சம்மதம் தரும் கடிதம், தரமாட்டாராம். கொரியாவில் இனி எங்கும் வேலை கிடைக்காதபடி பிளாக்லிஸ்டில் போட்டுவிடுவாராம். சம்பளம் விழுந்த இரவே விமானம் ஏறிவிடு என்கிறாள் கூட வேலை பார்க்கும் தோழி. என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் தாராளமாக விலகலாம். கொரியத் தொழிலாளர் தரச் சட்டத்தின் 7ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடைசெய்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதற்காக ஒருவரை வகுப்பறையில் பிடித்து வைக்க எந்த இயக்குநருக்கும் அதிகாரம் கிடையாது. ஒப்பந்தத்தைப் பாதியில் விடுவது குற்றமும் அல்ல. போலீஸ் தலையிடும் விஷயமே அல்ல. ஆனால் தோழி சொல்லும் வழியில் போனால் உங்கள் பணம் போகும், அடுத்த விசாவும் சிக்கலாகும். இயக்குநர் பிடிக்கப்போவதாகச் சொல்லும் தொகையைப் பற்றியே கடிதம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். அவர் உங்களுக்கு எவ்வளவு தரவேண்டியிருக்கிறது என்று ஒரு முறையாவது கூட்டிப் பார்த்தீர்களா? அங்கிருந்து தொடங்குவோம்.

சாப்பாட்டு நேரம்தான் முதல் கணக்கு. எட்டு மணிநேர வேலைக்கு ஒரு மணிநேர ஓய்வு தரவேண்டும், அந்த நேரத்தை ஊழியர் தன் விருப்பப்படி செலவழிக்க முடியவேண்டும் என்கிறது 54ஆம் பிரிவு. பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து சோறு சிந்தாமல் பார்த்துக்கொள்வது ஓய்வு ஆகாது, அதுவும் வேலை நேரம்தான். அப்படியானால் நீங்கள் தினமும் ஒன்பது மணிநேரம் உழைக்கிறீர்கள். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், எட்டு மணிநேரத்தைத் தாண்டிய ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு ஊதியம் தரவேண்டும். வாரம் 40 மணிநேர வேலைக்குக் கொரியாவில் மாதத்தை 209 மணிநேரமாகக் கணக்கிடுவார்கள். 23 லட்சத்தை 209ஆல் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 11,005 வொன். ஒன்றரை மடங்கு 16,507. மாதம் 21 வேலை நாள் என்று வைத்தால் சுமார் 3 லட்சத்து 46 ஆயிரம். ஏழு மாதத்துக்கு 24 லட்சம் வொன்னுக்கு மேல் வருகிறது. இயக்குநர் மிரட்டும் ஒரு மாத அபராதம் அதில் அடங்கிவிடும்! ஐந்து பேர் கணக்கில் கொரிய ஆசிரியர்கள், முன்மேசை ஊழியர், நிலையத்தின் சம்பளத்தில் இருக்கும் பஸ் ஓட்டுநர் எல்லாரும் சேர்த்தி. இது தானாக வரும் பணம் அல்ல. அந்த ஒரு மணிநேரம் நீங்கள் பிள்ளைகளோடுதான் இருந்தீர்கள் என்று காட்டவேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்து தேசிய ஓய்வூதியம். 2025 வரை சம்பளத்தில் 9%, 2026 ஜனவரியிலிருந்து 9.5%, பாதி உங்களிடமிருந்தும் பாதி நிலையத்திடமிருந்தும் போகிறது. கனடா குடிமக்கள் கொரியாவை விட்டு நிரந்தரமாகப் போகும்போது இரண்டு பாதியையும் வட்டியோடு மொத்தமாகத் திரும்பப் பெறலாம். பிரிட்டன் பாஸ்போர்ட்டில் வந்தவர்களுக்கு இந்த வசதி இல்லை. அதனால் சக ஆசிரியர் ஒருவர் "எனக்குக் கிடைக்கவில்லையே" என்று சொன்னால் நீங்களும் கைவிட்டுவிடாதீர்கள். உங்கள் சம்பளத்துக்கு ஏழு மாதத்தில் சுமார் 14.5 முதல் 15.3 லட்சம் வொன் சேர்ந்திருக்கவேண்டும். சேர்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. சம்பளத்தில் பிடித்துக்கொண்டு ஓய்வூதிய நிறுவனத்தில் கட்டாமல் விடும் நிலையங்கள் உண்டு. இன்னொரு தந்திரம், ஆசிரியரைச் சுயதொழில் செய்பவராகக் காட்டி 3.3% வரி மட்டும் பிடிப்பது. அப்படிச் செய்தால் ஓய்வூதியம், காப்பீடு, பணிக்கொடை எதையும் தரவேண்டாம் என்பது அவர்கள் நினைப்பு. பே ஸ்லிப்பில் 3.3% என்ற வரி தெரிந்தால் பதறவேண்டாம். நிலையம் வகுத்த நேரத்தில், நிலையம் தந்த பாடத்தை, நிலையத்தின் கட்டளைப்படி நடத்துகிறவர் ஊழியர்தான். காகிதத்தில் என்ன பெயர் போட்டாலும் தொழிலாளர் அலுவலகம் நடைமுறையைத்தான் பார்க்கும். ஓய்வூதிய நிறுவனத்தின் 1355 என்ற எண்ணுக்கு அழைத்து, உங்கள் பெயரில் எத்தனை மாதத் தொகை கட்டப்பட்டிருக்கிறது என்று நாளைக்கே கேளுங்கள்.

விடுப்பையும் பாருங்கள். முதல் ஆண்டில், குறையில்லாமல் வேலைக்கு வந்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு சேரும். எடுக்காமல் மிஞ்சியதை விலகும்போது பணமாகத் தரவேண்டும். உங்கள் சம்பளத்தில் நாளுக்கு ஏறக்குறைய 88,000 வொன். இதுவும் ஐந்து பேர் விதிக்கு உட்பட்டது.

இழப்பது பணிக்கொடை. ஓராண்டு நிறைவாக வேலை செய்தால் குறைந்தது 30 நாள் சராசரி ஊதியம் கிடைக்கும். ஒரு நாள் குறைந்தாலும் கிடையாது. ஆண்டு முடியும்போது தருவதாக ஒப்பந்தத்தில் இருந்தால் திரும்பும் விமான டிக்கெட்டும் போகும். இரண்டும் சேர்ந்து சிறிய தொகை அல்ல. ஆனாலும் அதற்காக மட்டும் இன்னும் ஐந்து மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். பணிக்கொடை தராமல் தப்பிக்கப் பதினோராவது மாதத்தில் ஆசிரியரை வெளியேற்றும் நிலையங்கள் கொரியாவில் பேர்பெற்றவை. மாதச் சம்பளத்தையே தேதிக்குத் தரத் திணறும் ஒருவர் கடைசியில் இரண்டு மடங்காகத் தருவார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

இனி இயக்குநரின் மிரட்டல்கள். ஒரு மாதச் சம்பளம் அபராதம் என்று ஒப்பந்தத்தில் அச்சிட்டிருந்தாலும் செல்லாது. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று முன்கூட்டியே தொகை நிர்ணயிப்பதையே 20ஆம் பிரிவு தடைசெய்கிறது. உண்மையில் நட்டம் ஏற்பட்டிருந்தால் அவர் சிவில் வழக்குப் போட்டு, இன்ன நட்டம் இன்ன காரணத்தால் என்று நிரூபிக்கவேண்டும். சிவில் சட்டத்தின் 661ஆம் பிரிவின்படி, தவிர்க்கமுடியாத காரணம் இருந்தால் காலவரையறை உள்ள ஒப்பந்தத்தையும் உடனே முறிக்கலாம். அந்தக் காரணம் யாருடைய தவறால் வந்ததோ அவர் நட்டஈடு தரவேண்டும். இரண்டு மாதம் சம்பளத்தைத் தள்ளித் தந்தவர் இந்த வாதத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக யோசிப்பார்.

விமானச் செலவு கொஞ்சம் வேறு. ஆறு மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தரவேண்டும் என்றுதான் பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. உங்களுடையதில் எத்தனை மாதம் என்று பாருங்கள். ஆறு என்றால் அந்தப் பேச்சே முடிந்துவிட்டது. பன்னிரண்டு என்று இருந்தாலும்கூட அவராகச் சம்பளத்திலிருந்து கழிக்க முடியாது. ஊதியத்தை முழுதாக, நேரடியாக, மாதத்தில் ஒரு முறையாவது, குறித்த தேதியில் தரவேண்டும் என்பது தொழிலாளர் தரச் சட்டத்தின் 43ஆம் பிரிவு. முழுச் சம்பளத்தையும் கொடுத்துவிட்டு, விமானச் செலவைத் தனியாகத்தான் கேட்கவேண்டும். அதனால்தான் இத்தகைய நேரத்தில் கொரிய மொழியில் ஒரு தாளை நீட்டி, "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்று கையெழுத்துக் கேட்பார்கள். பெரும்பாலும் அது கழித்துக்கொள்ளச் சம்மதம் என்ற தாள். படம் எடுத்துக்கொண்டு, படித்துவிட்டுத் தருகிறேன் என்று எழுந்து வந்துவிடுங்கள். ஏஜென்ட் கமிஷன் அவர் தன் தொழிலுக்காகச் செய்த செலவு. அதை உங்கள் தலையில் கட்ட விடாதீர்கள்.

பிளாக்லிஸ்ட் என்பது வெறும் பூச்சாண்டி. நாட்டுக்குள் வரத் தடை விதிப்பதும், வெளியே போகத் தடை விதிப்பதும் நீதி அமைச்சகத்தின் வேலை. ஹாக்வொன் நடத்துகிறவர் கையில் அந்தப் பொத்தான் இல்லை. ஒருவருக்கு வேலை கிடைக்காமல் தடுக்கும் நோக்கத்தில் பட்டியல் தயாரிப்பதையே தொழிலாளர் தரச் சட்டத்தின் 40ஆம் பிரிவு தடைசெய்திருக்கிறது. அந்த மிரட்டலை அவர் எழுத்தில் அனுப்பினால் அது உங்களுக்குத்தான் ஆதாரம். ஏஜென்ட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள் என்பது உண்மை. அது ஊர்ப்பேச்சு, அரசுப் பதிவு அல்ல.

ரிலீஸ் லெட்டர் மிரட்டலுக்கு மட்டும் பல் இருக்கிறது. இ-2 விசா உங்களை அந்த ஒரே நிலையத்தோடு கட்டிவைக்கிறது. ஒப்பந்தம் முடியும் முன் வேறு நிலையத்துக்கு மாறவோ, வேலை தேடுவோருக்கான டி-10 விசாவுக்கு மாறவோ, பழைய முதலாளியின் சம்மதத்தைக் குடிவரவு அலுவலகம் கேட்கும். கொரியாவை விட்டே போய்விடுவதானால் அந்தக் கடிதம் தேவையில்லை. எனவே முதலில் ஒன்றை முடிவுசெய்யுங்கள்: கொரியாவிலேயே வேறு வேலையா, கனடாவுக்குத் திரும்புவதா? கடிதத்தில் அதை நீங்கள் சொல்லவில்லை. மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது.

தோழி சொல்லும் மிட்நைட் ரன், அதாவது சொல்லாமல் இரவோடு இரவாக ஓடுவது, எப்படிப் போகும் என்று பார்ப்போம். 10ஆம் தேதி விழுவது போன மாதச் சம்பளம். அன்று இரவு நீங்கள் பறந்தால் இந்த மாதத்துப் பத்து நாள் ஊதியம் நிலையத்திடமே நின்றுவிடும். சட்டப்படி விலகிய 14 நாளுக்குள் அதையும் தரவேண்டும். கனடாவிலிருந்து துரத்தி வாங்குவது யார்? ஓவர்டைம் கோரிக்கைக்கு மூன்று ஆண்டு அவகாசம் உண்டு என்றாலும், விசாரணைக்கு நேரில் உட்காராதவரின் மனு நொண்டும். வேலையிலிருந்து நீங்கியதை நிலையம் பதியாமல் இழுத்தடித்தால் ஓய்வூதியப் பணமும் தாமதமாகும். பழைய இ-2 பதிவை முறைப்படி முடிக்காமல் போனவர் அடுத்த ஆண்டு புதிய இ-2 கேட்கும்போது அந்தப் பதிவே குறுக்கே நிற்கும். எல்லாவற்றுக்கும் மேல், இதுவரை தவறு அவர் பக்கம். அன்று இரவோடு கதை மாறி, சொல்லாமல் ஓடியவர் நீங்கள் என்றாகிவிடும்.

இரவோடு இரவாகக் கிளம்புவது சரியாகும் நேரங்களும் உண்டு. அடி, பாலியல் தொல்லை, பூட்டி வைத்தல் என்றால் பணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். போலீஸை 112இல் அழைத்துவிட்டு வெளியேறுங்கள். பாஸ்போர்ட்டையோ வெளிநாட்டவர் பதிவு அட்டையையோ பிடித்து வைத்துக்கொள்வதும் குடிவரவுச் சட்டப்படி குற்றம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. தூதரகம் சம்பளத் தகராறைத் தீர்த்து வைக்காது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் ஆலோசனை: வாயைத் திறக்காமல் அடுத்த 10ஆம் தேதி வரை இருங்கள், அதற்குள் ஆதாரத்தைச் சேர்த்துவிடுங்கள். விலகுகிறேன் என்று சொன்ன நிமிடமே நிலையத்தின் ககாவோடாக் (கொரியாவின் குறுஞ்செய்திச் செயலி) குழுவிலிருந்து உங்களை நீக்கிவிடுவார்கள். அந்தக் குழுவில்தான் உங்கள் மதிய நேரப் பணியின் சாட்சி முழுவதும் இருக்கிறது: பெற்றோருக்கு அனுப்பிய சாப்பாட்டுப் படங்கள், இன்று உன் முறை என்ற தகவல்கள், நேர அட்டவணை. உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்து உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையைத் தேதி தெரியும்படி படம் எடுங்கள். ஒப்பந்தத்தின் ஆங்கிலப் பிரதி மட்டும் போதாது, கொரியப் பிரதியும் வேண்டும். இரண்டும் முரண்பட்டால் எது செல்லும் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கும். சம்பளம் எந்தெந்தத் தேதியில் விழுந்தது என்று காட்டும் வங்கிக் கணக்கு அறிக்கை, எல்லா மாத பே ஸ்லிப்பும் வேண்டும். 2021 நவம்பர் 19 முதல் பே ஸ்லிப் தருவது கட்டாயம். தரவில்லை என்றால் அதுவே இன்னொரு மீறல். இயக்குநரோடு பேசும்போது ஃபோனில் பதிவு செய்யலாம். நீங்களும் பங்குகொள்ளும் உரையாடலைப் பதிவுசெய்வது கொரியாவில் சட்டவிரோதம் அல்ல. ஃபோனை வைத்துவிட்டு வெளியே வந்து, மற்றவர்கள் பேசுவதைப் பதிவுசெய்தால் அது குற்றம்.

பிறகு ஒரே ஒரு ஏ4 தாள். இடப்பக்கம் தேதி, அடுத்து தரவேண்டிய தொகை, தந்த தொகை, தந்த நாள், மீதி. ஓவர்டைமுக்கும் அப்படியே மாத வாரியாக. தொழிலாளர் ஆய்வாளரின் மேசையில் நூறு ஸ்கிரீன்ஷாட்டைக் கொட்டினால் அவர் மலைத்துப்போவார். இந்தத் தாளைக் கொடுத்தால் எதிரே உட்கார்ந்திருக்கும் இயக்குநரிடம் முதல் வரியைக் காட்டிக் கேள்வி கேட்கத் தொடங்குவார். ஸ்கிரீன்ஷாட்களுக்கு எண் போட்டு, தாளில் அந்தந்த வரிக்கு எதிரே எண்ணைக் குறித்து வைத்தால் போதும்.

10ஆம் தேதி சம்பளம் சரியாக வந்தால் பேச்சுவார்த்தை. மூன்றாவது முறையும் தள்ளினால் புகார். இரண்டுக்கும் பொதுவானது எழுத்தில் தரும் விலகல் நோட்டீஸ். அதில் நான்கு விஷயம் இருக்கட்டும்: கடைசி வேலை நாள், காரணம், 14 நாளுக்குள் கணக்குத் தீர்க்கக் கோருவது, ரிலீஸ் லெட்டர் கோருவது. காரணம் என்ற இடத்தில் சொந்தக் காரணம் என்று எழுதாதீர்கள். நிலையத்தின் அச்சிட்ட படிவத்தில் அந்தச் சொல்தான் தயாராக இருக்கும். அதில் கையெழுத்திட்டால் பிறகு சம்பளத் தாமதத்தைக் காரணமாகச் சொல்ல முடியாமல் போகும். இன்ன மாதங்களின் சம்பளம் இத்தனை நாள் தாமதம், இடைவேளை மறுக்கப்பட்டது என்று தேதியோடு எழுதுங்கள். கையில் கொடுப்பதோடு ககாவோடாக்கிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பிறகு மறுப்பாரென்று தோன்றினால் தபால் அலுவலகத்தில் உள்ளடக்கச் சான்றுத் தபாலாக அனுப்பலாம்: ஒரே கடிதத்துக்கு மூன்று பிரதி, ஒன்று அவருக்கு, ஒன்று உங்களுக்கு, ஒன்று தபால் அலுவலகத்தில் இருக்கும். அனுப்பவில்லை, பார்க்கவில்லை என்ற பேச்சுக்கு அதன்பின் இடமில்லை.

நோட்டீஸைப் பார்த்ததும் "நாளையிலிருந்து வராதே" என்று கத்துவது வழக்கம். ஆத்திரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். நீங்கள் குறித்த தேதிக்கு முன்பே அவர் வெளியேற்றினால் அது பணிநீக்கம். மூன்று மாதத்துக்கு மேல் வேலை செய்தவரை 30 நாள் முன்னறிவிப்பில்லாமல் நீக்கினால் 30 நாள் ஊதியம் தரவேண்டும். "நாளை முதல் வரவேண்டாம் என்கிறீர்களா, உறுதி செய்யுங்கள்" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போய் நில்லுங்கள். வராமல் நின்றுவிட்டார் என்ற கதையை உடைப்பது அந்த ஒரு செய்திதான்.

ரிலீஸ் லெட்டரைச் சண்டை போட்டு வாங்குவதைவிட, பேரம் பேசி வாங்குவது விரைவு. அவருக்கு என்ன பயம் என்று யோசியுங்கள். உங்கள் வகுப்பு காலியானால் பெற்றோர் பிள்ளைகளை வேறு நிலையத்துக்கு மாற்றுவார்கள். வெளிநாட்டிலிருந்து புதிய ஆசிரியரை வரவழைக்க, குற்றப்பதிவுச் சான்று, பட்டத்துக்கு அபோஸ்டில் என்ற அரசு முத்திரைச் சான்று, விசா என்று இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும். எனவே 30 நாளுக்குப் பதில் 45 அல்லது 60 நாள் இருக்கிறேன், ஏற்கெனவே கொரியாவில் இருக்கும் ஆசிரியரைத் தேடவும் உதவுகிறேன், பதிலுக்கு இன்றே தேதியிட்ட ரிலீஸ் லெட்டர் வேண்டும் என்று கேளுங்கள். "கடைசி நாளில் தருகிறேன்" என்ற வாய்ச்சொல்லை நம்பி இரண்டு மாதம் கூடுதலாக உழைத்து வெறுங்கையோடு நின்றவர்கள் நிறைய. கடிதத்தில் உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண், பதிவு அட்டை எண், கடைசி வேலை நாள், வேறு இடத்துக்கு மாறச் சம்மதம் என்ற வாக்கியம், நிலையத்தின் முத்திரை எல்லாம் இருக்கவேண்டும். வணிகப் பதிவுச் சான்றின் நகலையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத கடிதத்தைக் கவுன்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேலைச் சான்றிதழ் தனி. அதைக் கேட்டால் தந்தே ஆகவேண்டும் என்பது 39ஆம் பிரிவு.

பேரம் படியவில்லை என்றால் சுவோனில் உள்ள தொழிலாளர் அலுவலகத்தின் கிளைக்குப் போய் மனுக் கொடுங்கள். தொழிலாளர் துறையின் உதவி எண் 1350இல் முதலில் கேட்டுக்கொள்ளலாம். கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, நன்றாகக் கொரிய மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். 25 நாளில் முடிக்கவேண்டும் என்பது விதி, பெரும்பாலும் நீளும். ஆய்வாளர் இரு தரப்பையும் ஒரே மேசையில் உட்காரவைத்துக் கேட்பார். சம்பள பாக்கி உறுதியானால் அதற்கான சான்று வாங்கிக்கொண்டு குடிவரவு அலுவலகத்துக்குப் போங்கள். முதலாளியின் தவறால் விலக நேர்ந்தவர் சம்மதக் கடிதம் இல்லாமலே மாற அந்தச் சான்று வழி திறக்கும். எந்த ஆவணங்கள் வேண்டும் என்று குடிவரவு உதவி எண் 1345இல் ஆங்கிலத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குடிவரவுத் துறையின் ஹைகொரியா இணையதளத்தில் நேரம் முன்பதிவு செய்யாமல் குடிவரவு அலுவலகத்துக்குப் போய்ப் பயனில்லை. காலியான நேரம் கிடைக்கச் சில வாரம் ஆகலாம், அதனால் நோட்டீஸ் கொடுக்கும் நாளிலேயே முன்பதிவு செய்துவிடுங்கள். நீங்கள் விலகியதை நிலையம் 15 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும். அதன்பின் சும்மா காத்திருப்பது ஆபத்து. புதிய இடத்துக்கான அனுமதி கைக்கு வரும் முன் ஒரு வகுப்புகூட எடுக்காதீர்கள். வீட்டு டியூஷனும் கூடாது. இதுவரை சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது, அந்த ஒரு வகுப்பு அதைக் கெடுத்துவிடும்.

மனு போன பிறகு இயக்குநர் சமரசத்துக்கு வருவார். "மனுவைத் திரும்பப் பெறு, அடுத்த வாரம் பணம் போடுகிறேன்" என்பார். பணம் கணக்கில் விழுந்ததைக் கண்ணால் பார்க்காமல் இயக்குநருக்குத் தண்டனை வேண்டாம் என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு முறை திரும்பப் பெற்றால் அதே பாக்கிக்கு மறுபடி மனுக் கொடுக்க முடியாது. விலகிய 14 நாளுக்குப் பிறகும் நிலுவையில் இருக்கும் ஊதியத்துக்கு ஆண்டுக்கு 20% வட்டி சேரும் என்பதை அவருக்கு மெதுவாக நினைவூட்டலாம். நிலையமே மூடிவிட்டாலும் பணம் முழுதாக மூழ்காது. தொழிலாளர் நல நிறுவனம் முதலாளிக்குப் பதிலாக 1 கோடி வொன் வரை முன்கூட்டித் தரும் திட்டம் இருக்கிறது. அதற்கும் தொழிலாளர் அலுவலகத்தின் பாக்கிச் சான்றுதான் அடிப்படை.

இந்தச் சமயத்தில் கோபத்தில் நிலையத்தின் பெயரையும் இயக்குநரின் பெயரையும் போட்டு ஆசிரியர் குழுக்களில் எழுதத் தோன்றும். வேண்டாம். கொரியாவில் நடந்த உண்மையைச் சொன்னாலும் அவதூறு வழக்கு நிற்கக்கூடும். உங்களிடம் சட்டப்படி ஒரு பிடியும் இல்லாத இயக்குநருக்கு அப்படி ஒரு பிடியை நீங்களே கொடுத்துவிடாதீர்கள்.

வீடு நிலையத்தின் பெயரில் இருக்கும் என்று நினைக்கிறேன். காலி செய்யும் நாளில் எல்லா அறையையும் வீடியோ எடுங்கள். கேஸ், மின்சார, தண்ணீர் மீட்டர் எண் தெளிவாகத் தெரியட்டும். கடைசி மாதக் கட்டணம் என்று கணக்கில்லாமல் கழிப்பது பழைய வழக்கம். ரசீது காட்டச் சொல்லுங்கள். வைப்புத்தொகை என்று மாதாமாதம் சம்பளத்தில் பிடித்து வைத்திருந்தால் அதையும் மனுவில் சேருங்கள்.

கனடாவுக்கே திரும்புவதானால் ஃபோன் இணைப்பை எல்லாவற்றுக்கும் கடைசியில் துண்டியுங்கள். கொரிய வங்கிச் செயலியும் வரித் துறைத் தளமும் உங்களை அடையாளம் காண்பது அந்த எண்ணின் மூலம். எண்ணை முதலில் விட்டவர்கள், கடைசிச் சம்பளம் விழுந்ததா என்று பார்க்கவே வழியில்லாமல் தவிக்கிறார்கள். வங்கிக் கணக்கையும் மூடாதீர்கள். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் வசதியைக் கிளையில் நேரில் பதிந்துவைத்துவிட்டுப் போங்கள். கடைசிச் சம்பளத்தோடு வரி கழித்த சான்றையும் கேட்டு வாங்குங்கள். ஆண்டின் நடுவில் விலகுகிறவருக்குச் சில நேரம் வரி திரும்பக் கிடைக்கும்.

ஓய்வூதியப் பணத்துக்குப் புறப்படும் தேதிக்கு ஒரு மாதத்துக்குள் ஓய்வூதிய நிறுவனத்தின் கிளையில் நேரில் விண்ணப்பியுங்கள். பாஸ்போர்ட், பதிவு அட்டை, விமான டிக்கெட், பணம் போகவேண்டிய கணக்கின் விவரம் நான்கும் கையில் இருக்கவேண்டும். இன்சியான் விமான நிலையத்தில் வாங்கிக்கொள்ள விரும்பினால் அதையும் அங்கேயே சொல்லவேண்டும். எந்த நாளில், எத்தனை மணி வரை தருவார்கள் என்று கேட்டுவிட்டு அதற்கேற்ப டிக்கெட்டைத் தேர்ந்தெடுங்கள். புறப்படும் அன்று குடிவரவுக் கவுன்டரில் பதிவு அட்டையை ஒப்படையுங்கள். அப்போதுதான் இ-2 பதிவு முறையாக முடியும். அதற்கு முன் அட்டையின் இரு பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாக்கி மனு நிலுவையில் இருந்தால் அந்த எண்ணைத்தான் எல்லா அலுவலகமும் கேட்கும்.